சீரம் பாட்டிலில் '50 கிலோ டால்டன்'... அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள், ஏன் அப்படியே நம்பக் கூடாது?

போன மாதம் ஆபீஸில் பக்கத்து சீட் தோழி, புதிதாக வாங்கிய ஃபேஸ் சீரம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பாட்டில் சின்னதுதான், விலை மட்டும் பெருசு. லேபிளில் 'ஹையலூரானிக் ஆசிட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மூலக்கூறு எடை: 50 கிலோ டால்டன்'.

"நீதான எக்ஸ்ப்ளெய்னர் எழுதுற ஆளு. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு பார்ப்போம்" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மீடியா ஸ்டடீஸ் படித்தவனுக்கு கிலோ தெரியும், டால்டன் தெரியாது. பெரியம்மா பொண்ணு ஒரு பிளாஸ்டிக் டெஸ்ட்டிங் லேபில் வேலை பார்க்கிறாள். அந்த அக்காவுக்கு லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் வாய்ஸ் நோட் வந்தது. "நம்பர் இருக்கட்டும்டா. எந்த ஆவரேஜ்னு போட்டிருக்காங்களா? எந்த ஸ்கேல் வெச்சு அளந்தாங்கன்னு போட்டிருக்காங்களா? ரெண்டும் இல்லைன்னா அது பாதி நம்பர்தான்."

எடை என்றால் எடைதானே, அதில் என்ன பாதி, முழுசு? இந்தக் கேள்வியோடு ஆரம்பித்தது, ரெண்டு வாரம் என்னை விடவில்லை. தண்ணிக் குடத்தில் தொடங்கி, ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் போடும் ஊசி வரைக்கும் இந்த விஷயம் நீள்கிறது.

முதலில் டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய 1 டால்டன். ஒரு தண்ணீர் மூலக்கூறு 18. டீயில் போடும் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு 342. இதிலெல்லாம் குழப்பமே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் எந்த மூலக்கூறைப் பிடித்தாலும் கிட்டத்தட்ட அதே 18தான்.

பாலிமர் அப்படி இல்லை. ஒரு சின்ன அலகு திரும்பத் திரும்பக் கோர்த்து வந்த நீளமான சங்கிலிதான் பாலிமர். பாலிதீன், நைலான், ஹையலூரானிக் ஆசிட் எல்லாமே இந்த வகை. அந்தக் கோர்வை எந்த இடத்தில் முடியும் என்று யாரும் கணக்குப் போட்டு வெட்டுவதில்லை. தட்டில் இருக்கிற இடியாப்பத்தைப் பிய்த்துப் பாருங்கள். ஒரு இழை விரல் நீளம் வரும், பக்கத்து இழை முழம் நீளம் வரும். பாட்டிலுக்குள் இருப்பதும் அப்படி ஒரு கலவைதான். ஹையலூரானிக் ஆசிட்டில் ஒரு அலகு ஏறக்குறைய 400 டால்டன். அப்படியென்றால் 50 கிலோ டால்டன் என்பது சுமார் 125 அலகுகள் கொண்ட சங்கிலி. ஆனால் பாட்டிலில் 30 அலகு சங்கிலியும் இருக்கும், 500 அலகு சங்கிலியும் இருக்கும்.

ஆக, அந்த 50 என்பது ஒரு கூட்டத்துக்குப் போட்ட சராசரி. யாரைக் கேட்டுப் போட்ட சராசரி என்பதுதான் மேட்டர்.

தேர் முந்தும், சைக்கிள் பிந்தும்

கண்ணுக்கே தெரியாத சங்கிலிகளைத் தராசில் வைக்க முடியாது. அதனால் உலகம் முழுக்க லேப்களில் பயன்படுத்தும் வழி 'சைஸ் எக்ஸ்க்ளூஷன் குரோமடோகிராஃபி'. சுருக்கமாக எஸ்.இ.சி. பிளாஸ்டிக் ஆட்கள் பழைய பழக்கத்தில் ஜி.பி.சி. என்பார்கள். ரெண்டும் ஒன்றுதான்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மயிலாப்பூர் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது ஈஸி. தேர் மாட வீதியை விட்டு எங்கேயும் போகாது, போகவும் முடியாது. எந்தச் சந்திலும் அதன் சக்கரம் நுழையாது. அதே ஊர்வலத்தில் சைக்கிளில் வரும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கண்ணில் பட்ட சந்தெல்லாம் நுழைந்து, சுற்றி, வெளியே வந்து, மறுபடி அடுத்த சந்துக்குள் போவான். கூட்டம் எல்லோரையும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டு போகிறது என்றால், முடிவில் முதலில் வந்து சேர்வது தேர். சந்து சந்தாகச் சுற்றிய சைக்கிள் கடைசியில் வரும்.

லேபில் மாட வீதிக்குப் பதில், ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஒரு ஸ்டீல் குழாய். அதற்குள் மாவு மாதிரி நுணுக்கமான ஜெல் மணிகள் இறுக்கி அடைத்திருக்கும். ஒவ்வொரு மணியிலும் வெவ்வேறு அளவில் ஏராளமான துளைகள். அவைதான் சந்துகள். பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து, பம்ப் வைத்து இந்தக் குழாய் வழியே ஓட விடுகிறார்கள். பெரிய சங்கிலிகள் துளைக்குள் நுழைய முடியாமல் நேராக ஓடி முதலில் வெளியே வந்துவிடும். சின்னவை எல்லாத் துளைகளிலும் நுழைந்து நேரம் கடத்தி, பின்னால் வரும். வாசலில் இருக்கும் டிடெக்டர் எந்த நொடியில் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் போல ஆகும். முடிவில் திரையில் மலை மாதிரி ஒரு வளைவு கிடைக்கும். இடது ஓரம் பெரிய சங்கிலிகள், வலது ஓரம் பொடிசுகள்.

இந்த ஐடியா வந்த விதமும் வித்தியாசமானது. 1950-களின் நடுவில் லண்டனில் குயின் ஷார்லட்ஸ் என்ற பிரசவ மருத்துவமனையில் வேலை பார்த்த லேத், ரூத்வென் என்ற ரெண்டு பேர், ஊறி உப்பிய சோள மாவை அடைத்த குழாயில் மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1959-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் போராத்தும் ஃப்ளோடினும் சர்க்கரை வகைப் பாலிமரில் செய்த ஜெல்லைக் கொண்டு அதையே இன்னும் பக்காவாகச் செய்தார்கள். அது தண்ணீரில் கரையும் பொருட்களுக்கு. பிளாஸ்டிக்குக்குச் சரிப்பட்டு வரும் ஜெல்லை 1964-ல் கொண்டுவந்தவர் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் ஜான் மூர். சோள மாவில் ஆரம்பித்த விஷயம் பத்தே வருடத்தில் பிளாஸ்டிக் தொழிலுக்குள் வந்துவிட்டது.

ஒரே பாட்டில், ரெண்டு எடை

இப்போது அக்காவின் முதல் கேள்வி. எந்த ஆவரேஜ்?

ஒரு குட்டி ஸ்டார்ட்-அப். 10 பேர். ஒன்பது பேருக்கு மாதம் ₹30,000. முதலாளி எடுத்துக்கொள்வது ₹7,30,000. மொத்தம் 10 லட்சம். தலைக்குச் சராசரி ₹1,00,000. 'எங்கள் கம்பெனியில் சராசரிச் சம்பளம் ஒரு லட்சம்' என்று லிங்க்ட்இனில் போட்டால் அது பொய் இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்பது வேறு விஷயம்.

இப்போது வேறு மாதிரி கேட்போம். அந்த 10 லட்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாயை எடுத்து, 'இந்த ரூபாய் யார் பாக்கெட்டில் இருக்கு, அவர் சம்பளம் எவ்வளவு?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அது முதலாளியின் ரூபாயாகத்தான் இருக்கும். இப்படி ரூபாய் வாரியாகச் சராசரி போட்டால் ₹5,41,000 வரும். ஒரே கம்பெனி, அதே 10 பேர். சராசரி மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

பாலிமரிலும் இதே ரெண்டு சராசரிகள்தான். தலை எண்ணிப் போடுவது 'எண் சராசரி'. எடைக்கு முக்கியத்துவம் கொடுத்துப் போடுவது 'எடை சராசரி'. ரெண்டாவதை முதலாவதால் வகுத்தால் கூட்டம் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று தெரியும். எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம் என்றால் 1. நம் ஸ்டார்ட்-அப்புக்கு 5.41.

இதை அப்படியே சீரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கிலோ டால்டன் ஹையலூரானிக் ஆசிட் பாதி, 1,000 கிலோ டால்டன் பாதி, ரெண்டையும் சம எடையில் கலந்ததாக வைத்துக்கொள்வோம். எண் சராசரி 20-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். எடை சராசரி 505. ஒரே பாட்டிலில் '20' என்றும் அச்சடிக்கலாம், '505' என்றும் அச்சடிக்கலாம். ரெண்டுமே சரியான கணக்கு! சின்ன சங்கிலிதான் தோலுக்குள் கொஞ்சம் இறங்கும், பெருசு மேலேயே படலமாக நிற்கும் என்று சொல்லித்தான் இந்த சீரங்களை விற்கிறார்கள். அப்படியிருக்க, '20'-ஐப் பார்த்து வாங்குபவருக்கு, பாட்டிலில் பாதி எடை மேலேயே நிற்கிற ஆசாமி என்று யார் சொல்வது?

ஸ்கேல் மாறினால் நீளம் மாறும்

ரெண்டாவது கேள்விதான் எனக்கு நிஜமாகவே ஷாக் கொடுத்தது. இந்த மிஷின் எடையை அளக்கவே இல்லை.

தேர் உதாரணத்துக்கே வாருங்கள். சந்துக்குள் நுழைய முடியுமா என்பதைத் தீர்மானிப்பது தேரின் அகலம்தான், எடை இல்லை. தெர்மாகோலில் அதே அகலத்துக்கு ஒரு தேர் செய்தாலும் அது மாட வீதியில்தான் போகும். அதே மாதிரி, குழாய் பார்ப்பதும் கரைசலில் அந்தச் சங்கிலி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு மிதக்கிறது என்பதை மட்டும்தான். அந்த அளவை எடையாக மாற்ற ஒரு ஸ்கேல் வேண்டும். அதற்காக, எடை ஏற்கெனவே தெரிந்த சில பாலிமர்களை முதலில் ஓட விடுகிறார்கள். 'இந்த எடை இத்தனாவது நிமிடத்தில் வருது' என்று ஒரு கோடு வரைகிறார்கள். பிறகு நம் சாம்பிள் எந்த நிமிடத்தில் வந்ததோ, அதற்கு நேரே அந்தக் கோட்டில் இருக்கும் எடையைப் படிக்கிறார்கள்.

பிளாஸ்டிக் லேப்களில் அந்த ஸ்கேல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தெர்மாகோல் எந்தப் பொருளோ அதேதான். காரணம் ரொம்ப சிம்பிள். கிட்டத்தட்ட ஒரே நீளச் சங்கிலிகளாக அதைச் செய்ய முடியும், கடையிலும் கிடைக்கும். தண்ணீரில் கரைபவற்றுக்குப் புல்லுலான் என்ற சர்க்கரை வகைப் பாலிமர்.

பிரச்னை என்னவென்றால், ஒரே எடை உள்ள ரெண்டு வேறு பாலிமர்கள் ஒரே இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ நூல்கண்டும் மாதிரி. மக்கும் பிளாஸ்டிக் என்று கப்பாகவும் ஸ்ட்ராவாகவும் வருகிறதே, பி.எல்.ஏ., அதைப் பாலிஸ்டைரீன் ஸ்கேலில் அளந்து 1,00,000 என்று வந்தால், நிஜ எடை சுமார் 58,000-தான். 0.58 என்ற இந்தத் திருத்தம் ஆராய்ச்சியாளர்களிடையே ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருப்பது. பாலிதீனுக்கு இன்னும் மோசம். பாலிஸ்டைரீன் கணக்கில் வந்ததைப் பாதிக்கும் கீழே, சுமார் 0.43-ஆல் பெருக்க வேண்டும்.

நம் ஹையலூரானிக் ஆசிட்? அது விறைப்பான சங்கிலி. போதாக்குறைக்கு உடம்பெல்லாம் எதிர் மின்னேற்றம், அதனால் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விரிந்து கிடக்கும். புல்லுலானை ஸ்கேலாக வைத்து அளந்தால் நிஜத்தை விடக் கனமானதாகக் காட்டும். ஓடும் தண்ணீரில் உப்பு எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பொறுத்து அதன் சைஸே மாறும் என்பது தனிக் கூத்து. இதில் ஒரு சுவாரஸ்யம், தப்பு எப்போதும் கம்பெனிக்குச் சாதகமாகத்தான் போகும் என்றில்லை. 'சின்னது'தான் விலை போகும் சந்தையில், லேபிளில் பெருசாகப் போட்டு அவர்களே நஷ்டப்படவும் வாய்ப்பு உண்டு!

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. 1967-லேயே பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் பெனுவா குழுவினர், எடையோடு அந்தப் பாலிமரின் பிசுபிசுப்பு எண்ணையும் பெருக்கினால் வெவ்வேறு பாலிமர்கள் ஒரே கோட்டில் வந்து விழுகின்றன என்று காட்டிவிட்டார்கள். குழாயின் வாசலில் லேசர் வைத்து, சங்கிலி எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்று பார்த்து எடையை நேரடியாகக் கணக்கிடும் டிடெக்டர்களும் உண்டு. அவற்றுக்கு ஸ்கேலே வேண்டாம். (அதற்கும் ஒரு மாறிலியைச் சரியாகக் கொடுக்க வேண்டும், தப்பாகக் கொடுத்தால் லேசரும் தப்பாகத்தான் சொல்லும்.) ஆக, வழி தெரியாமல் யாரும் பாதி நம்பர் போடுவதில்லை. கேட்க ஆள் இல்லாததால் போடுகிறார்கள்.

ஊசியில் மட்டும் எப்படி முழு நம்பர்?

'இவ்வளவு நுணுக்கமா யார் பார்ப்பாங்க?' என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது.

பெரிய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும், ரத்தம் உறையும் ஆபத்துள்ள கர்ப்பிணிகளுக்கும், கொரோனா நேரத்தில் வார்டில் படுத்திருந்தவர்களுக்கும் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஊசி போடுவார்கள். ஈனாக்ஸபரின். நம் வீடுகளில் யாராவது ஒருவர் கட்டாயம் போட்டிருப்பார். இதுவும் ஒரு பாலிமர்தான். பன்றிக் குடலின் உள்சவ்வில் இருந்து எடுக்கும் ஹெபரின் என்ற நீளச் சங்கிலியை, வேதியியல் முறையில் துண்டு போட்டுத் தயாரிப்பது. ஹெபரினின் சராசரி எடை 15,000 டால்டன் அளவில். துண்டு போட்ட பிறகு சுமார் 4,500.

இங்கே நீளம் ஏன் உயிர் பிரச்னை? ரத்தம் உறைவதில் ரெண்டு முக்கியமான ஆட்களை இந்த மருந்து தடுக்கிறது. ஒருவர் 'பத்து-ஏ' காரணி, இன்னொருவர் த்ராம்பின். முதல் ஆளைத் தடுக்க, சங்கிலியில் ஐந்தே அலகு கொண்ட ஒரு குறிப்பிட்ட துண்டு இருந்தால் போதும். த்ராம்பினைத் தடுக்க ஒரு பாலம் போட வேண்டும், அதற்குக் குறைந்தது 18 அலகு நீளம் தேவை. 18 அலகு என்பது ஏறக்குறைய 5,400 டால்டன். அதாவது சராசரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் சங்கிலிகளுக்கு ஒரு வேலை, கீழே இருப்பவற்றுக்கு வேறு வேலை. ரெண்டு கம்பெனி ஊசிகளிலும் சராசரி 4,500 என்றே இருக்கட்டும். ஒன்றில் நீளச் சங்கிலிகள் கூடுதலாக இருந்தால் உடம்பில் அது நடந்துகொள்ளும் விதம் மாறும்.

அதனால்தான் இந்த மருந்தின் அதிகாரப்பூர்வ விவரத்தில் சராசரியோடு நிறுத்துவதில்லை. 2,000 டால்டனுக்குக் கீழே 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2,000-க்கும் 8,000-க்கும் நடுவில் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். 8,000-க்கு மேல் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதைப் பார்ப்பது அதே எஸ்.இ.சி. முறையில்தான். இதில் பாலிஸ்டைரீனையோ புல்லுலானையோ ஸ்கேலாக வைப்பதில்லை. இந்த வகை ஹெபரினுக்கென்றே சர்வதேச அளவில் தயாரித்து வைத்த ஸ்டாண்டர்டு இருக்கிறது. எந்தச் சராசரி, எந்த ஸ்கேல், ஓரங்களில் எவ்வளவு என்று மூன்றுமே காகிதத்தில் உண்டு.

அப்படியென்றால் முடியும். அதே மிஷின், அதே தத்துவம். சட்டம் கேட்கிற இடத்தில் முழு நம்பர் வருகிறது. கேட்காத இடத்தில் பாதி நம்பர் வருகிறது.

குடம் ஏன் விரிகிறது?

கேட்காத இடத்துக்கு என் வீட்டு உதாரணமே இருக்கிறது. தெருக்கடையில் வாங்கிய பச்சைக் குடம், ஒரு வருடம் கூட ஆகவில்லை, அடிப்பக்கம் மெல்லிசாக ஒரு கீறல் விட்டது. கீழே போடவில்லை, வெந்நீர் ஊற்றவில்லை. அம்மா சோப்பு போட்டுத் தேய்த்தது மட்டும்தான் குற்றம்.

அக்காவிடம் கேட்டால் சிரிக்கிறாள். "நீளமான சங்கிலிங்க தான்டா பிளாஸ்டிக்கைப் புடிச்சு வெச்சிருக்கு. அதுங்க அறுந்து போன மால்ல குடம் ஊதினா அப்படித்தான்."

பாலிதீனுக்குள் குட்டிக் குட்டிப் படிக அடுக்குகள் இருக்கும். ஒரு அடுக்கில் தொடங்கி அடுத்த அடுக்கு வரை நீண்டு, ரெண்டையும் தையல் போட்ட மாதிரி கட்டி வைப்பவை நீளச் சங்கிலிகள். எடையில் அவை சின்னப் பங்குதான். ஆனால் மெதுவாகப் பரவும் விரிசலைத் தடுத்து நிறுத்துவது அவைதான். சோப்புத் தண்ணீர் அந்த மாதிரி விரிசலை வேகப்படுத்தும் என்பதும் பிளாஸ்டிக் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. வெயிலிலும், திரும்பத் திரும்ப உருக்கும்போதும் அடி வாங்குவதும் இதே நீளச் சங்கிலிகள்.

ரீசைக்கிள் மணிகள் வாங்கி விற்கும் இடத்தில் தரத்தைப் பார்க்கும் வழக்கமான டெஸ்ட் 'மெல்ட் ஃப்ளோ'. முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அதற்குள் போட்டு, மேலே ஒரு எடையை வைத்து, 10 நிமிடத்தில் அடித் துளை வழியே எத்தனை கிராம் வந்தது என்று பார்ப்பார்கள். மலிவு, வேகம், பட்டறையிலேயே செய்யலாம். ஆனால் கிடைப்பது ஒரே ஒரு எண். ரொம்பப் பொடிசாக அறுந்ததையும் ரொம்பக் கெட்டியானதையும் கலந்து, நல்ல சரக்கின் அதே எண்ணைக் கொண்டுவர முடியும். முறுக்கு அச்சுக்கு வித்தியாசம் தெரியாது. எஸ்.இ.சி. வளைவில் அது தெரிந்துவிடும்.

இந்த வளைவை வேண்டுமென்றே வளைத்துச் செய்த பொருளும் இருக்கிறது. ரோட்டைத் தோண்டி கேஸ் லைனுக்கும் தண்ணி லைனுக்கும் போடுகிறார்களே, கறுப்புப் பைப், அதில் 'பி.இ. 100' என்று எழுதியிருக்கும். 20 டிகிரியில் 50 வருடம் தாங்க வேண்டும் என்ற கணக்கில் வகுத்த தரம் அது. இந்த ரகம் பெரும்பாலும் ரெண்டு உலைகளில் அடுத்தடுத்துத் தயாராகும். ஒன்றில் குட்டைச் சங்கிலிகள், இன்னொன்றில் நீளச் சங்கிலிகள். எஸ்.இ.சி.யில் போட்டால் ஒட்டகத் திமில் மாதிரி ரெண்டு மேடு தெரியும். குட்டை பைப்புக்கு விறைப்பைத் தரும், நீளம் விரிசலைப் பிடித்து நிறுத்தும். பைப்புக்கு இது தவிர நீண்ட நேர அழுத்தச் சோதனைகளும் தரநிர்ணயத்தில் இருக்கின்றன, அதனால் அங்கே எனக்குப் பெரிய புகார் இல்லை. என் குடத்தில் எந்த முத்திரையும் இல்லை.

மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் ரீசைக்கிள் செய்த பிளாஸ்டிக் 2025-26-ல் 30 சதவீதத்தில் தொடங்கி, 2028-29-ல் 60 சதவீதம் வரை போக வேண்டும். நல்ல விஷயம், வரட்டும். ஆனால் 'எத்தனை சதவீதம்' என்று கேட்கும் அளவுக்கு, 'அந்தச் சங்கிலி என்ன நிலைமையில் இருக்கு' என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மோசமான மணியில் செய்த பாட்டில் நாலு மாதத்தில் விரிந்தால், 'ரீசைக்கிள் பொருளே இப்படித்தான்' என்று பழி எல்லோர் மேலும் விழும். ஒழுங்காகச் செய்பவருக்குத்தான் முதல் அடி.

'சின்ன யூனிட் எல்லாம் மூட வேண்டியதுதான்'

இதைத்தான் அக்காவே சொன்னாள். பாலிதீன் லேசில் கரையாது. 140 டிகிரிக்கு மேல் சூடாக்கிய, மூச்சில் போகக் கூடாத ஒரு குளோரின் கரைப்பானில்தான் கரைத்து ஓட விட முடியும். மிஷின் முழுக்க அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். விலை அதிகம், லேப்கள் குறைவு. ஒவ்வொரு லோடுக்கும் இதைக் கேட்டால் சின்னப் பட்டறை தாங்காது.

அவள் சொல்வது சரிதான். நான் ஒவ்வொரு லோடுக்கும் கேட்கவில்லை. தினசரிக்கு முறுக்கு அச்சு போதும். ஒரு ரகத்தைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவரும்போது ஒரு தடவை, அப்புறம் மூலப்பொருள் வாங்கும் இடம் மாறினால் ஒரு தடவை, வளைவை எடுத்து வைக்கட்டும். டெண்டர் போட்டு மொத்தமாக வாங்கும் அரசுத் துறைகள் அதைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. அவர்களுக்கு லேப் செலவு பெரிய விஷயம் இல்லை.

எஸ்.இ.சி. எல்லாவற்றையும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பாலிதீன் மணிக்குள் வேறு பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்திருந்தாலோ, சாயத்தில் கோளாறு இருந்தாலோ இது கையை விரித்துவிடும். அதற்கெல்லாம் வேறு டெஸ்ட்.

ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் சீரத்துக்கு இந்தச் சலுகை எல்லாம் தேவையில்லை. ஹையலூரானிக் ஆசிட் தண்ணீரிலேயே கரையும், அளக்க 140 டிகிரி வேண்டாம். மூலப்பொருள் விற்பவரிடமே டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கும். லேபிளில் மூலக்கூறு எடையைப் போட்டு விளம்பரம் செய்யும் தைரியம் இருந்தால், பக்கத்தில் 'எடை சராசரி, லேசர் டிடெக்டரில் அளந்தது' என்று நாலு வார்த்தை சேர்க்க இடமா இல்லை? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நேர்மையானவர்கள் 'பாலிஸ்டைரீன் கணக்கில்' என்று ஒரு வார்த்தை சேர்த்து விடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் படிப்பவர் தேவையான அளவு தள்ளுபடி செய்துகொள்வார்.

கட்டுரைக்காக அந்த சீரம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். ரெண்டே கேள்விதான்: 50 என்பது எண் சராசரியா, எடை சராசரியா? எந்த ஸ்டாண்டர்டை வைத்து அளந்தீர்கள்? மூன்றாம் நாள் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றி, தங்கள் பொருட்கள் எல்லாம் தோல் மருத்துவர்கள் பரிசோதித்தவை, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் கோடு.

அக்காவுக்கு அதை அப்படியே ஃபார்வர்டு செய்தேன். "10 சதவீதம்னா எண் சராசரியா, எடை சராசரியான்னு கேளுடா" என்று பதில் வந்தது. தோழி அந்தக் கூப்பனில் இன்னொரு பாட்டில் ஆர்டர் போட்டுவிட்டாள்.